தைச்சோ கேட்ட குருமா

ஓட்டுநர் இருக்கையில் அடைகாத்துக்கொண்டிருந்த கோழி இறங்குவதாக இல்லை. திருநாவுக்கரசு கையைத் தட்டிப் பார்த்தார். கோழி கழுத்தை நீட்டி அவரை ஏற இறங்கப் பார்த்தது. துண்டை வீசினார். அது இறகைச் சிலிர்த்துக்கொண்டு இன்னும் அழுத்தமாக உட்கார்ந்தது. துணிந்து கையை நீட்டியபோது மணிக்கட்டில் ஒரு கொத்து விழுந்தது.

"நவமணி! உன் கோழிய வந்து தூக்கு."

அவர் மனைவி நவமணி அடுப்படியிலிருந்தே குரல் கொடுத்தாள். "அது முட்டைமேல உக்காந்திருக்குங்க. இப்பத் தூக்குனா பாவம்லா."

"பாவம் பார்த்தா நம்ம தலை போயிடும். தைச்சோ சொல்லிட்டுப் போயிருக்காரு."

தைச்சோ என்று ஊரார் சொன்னது, சாலை முனைப் பங்களாவில் இருந்த ஜப்பான் அதிகாரியை. அன்று காலை திருநாவுக்கரசு வேலைக்குக் கிளம்பும்போது அவர் வேலியோரம் நின்று, ரம்புத்தான் மரத்தடியில் கிடந்த பழைய மோட்டார்க் காடியை விரலால் சுட்டிக்காட்டி, இரண்டே வார்த்தை சொன்னார். பிறகு சாலையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, இடுப்பு வாள் தொடையில் இடிக்க நடந்து போய்விட்டார்.

நவமணி கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். "என்ன சொன்னாரு?"

"குருமா நாவோசே."

நவமணியின் முகம் வெளுத்தது. "குருமாவா? மரவள்ளிக்கிழங்குக்கே திண்டாட்டமா இருக்கு. ஆட்டுக்கறிக்கு நான் எங்கங்க போவேன்?"

திருநாவுக்கரசு கண்ணை மூடித் திறந்தார். "ஜப்பான் பாஷையில குருமான்னா காடி. நாவோசேன்னா ரிப்பேர் பண்ணு. 'காடியை ரிப்பேர் பண்ணு.' இவ்வளவுதான் விஷயம்."

"நல்லாத் தெரியுமா?"

அவர் சட்டையில் குத்தியிருந்த சின்னப் பித்தளைப் பதக்கத்தை விரலால் ஒருமுறை தடவிக்கொண்டார். தண்ணீர் வரி ஆபீஸில் கணக்கெழுதும் கிராணிகளுக்கு நடந்த ஜப்பான் பாஷை வகுப்பில் முதலாவதாக வந்ததற்கு வாத்தியார் குத்திவிட்ட பதக்கம் அது. அன்றிலிருந்து அவர் அதைக் கழற்றியதில்லை. வீட்டில் பனியனோடு இருக்கும்போதும் பனியனில் குத்திக்கொள்வார்.

"ஜப்பான்காரங்களுக்குப் பேச்சு மாத்திச் சொல்ற அந்தத் துபாஷி யூசுப் அண்ணன ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டா என்ன?"

"யூசுப்பு சிங்கப்பூருக்குப் போயிருக்காரு. தவிர, நான் இருக்கிற வீட்டுக்குத் துபாஷி எதுக்கு?"

அதோடு பேச்சு முடிந்தது.

அந்தக் காடி ஒரு செவர்லே. அமெரிக்காவில் பிறந்து, கெடா பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்துத் துரையிடம் வாழ்க்கைப்பட்டு, துரை சீமைக்குக் கப்பலேறியபோது திருநாவுக்கரசின் கைக்கு வந்து சேர்ந்தது. பினாங்கின் டத்தோ கிராமாட் வட்டாரத்தில் சொந்தக் காடி வைத்திருந்த ஒரே கிராணி அவர்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அதைத் தண்ணீர்மலைக் கோயில்வரை ஓட்டிப்போய் நிறுத்திவிட்டு, யாராவது பார்க்கிறார்களா என்று பார்ப்பார்.

சண்டை வந்தது. ஜப்பான்காரர்கள் ஓடுகிற காடிகளையெல்லாம் பிடித்துப் போகிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்றே, நவமணியின் தம்பி வேலு நாலு சக்கரத்தையும் கழற்றி, காடியைச் செங்கல்மேல் உட்காரவைத்துவிட்டான். யோசனை பலித்தது. சக்கரமில்லாத காடியை எவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் வீட்டார் பார்த்தார்கள். கடையில் சாமான் கிடைக்காத காலம். ஒருநாள் நவமணி முன்விளக்கின் கிண்ணத்தைக் கழற்றி அதில் மாவு எடுத்து வைத்தாள். இருக்கைப் பஞ்சு தலையணைகளாயிற்று. இருக்கைத் தோலில் மகள் சந்திரிகா கைப்பை தைத்துக்கொண்டாள். முன்கண்ணாடி சாமி அறைக்குப் போய் முருகன் படத்துக்கு முன்னால் நின்றது. டயர்களை அறுத்து எல்லோரும் செருப்பாகப் போட்டுக்கொண்டார்கள். ஆகக் காடியில் பாதி வீட்டுக்குள்ளும் கால்வாசி எல்லார் காலிலும் இருந்தது. மிச்சத்தில் கோழி இருந்தது.

வேலு வந்ததும் திருநாவுக்கரசு விஷயத்தைச் சொன்னார்.

"பண்ணிடலாம் மச்சான். எனக்கு எஞ்சின் அத்துப்படி."

"நீ பஸ்ல கண்டக்டரா இருந்தவன்."

"எஞ்சினுக்குப் பக்கத்துலதான மச்சான் தினம் நின்னேன்?"

"டிக்கெட் கொடுக்க நின்ன."

"நின்னேன்ல?"

திருநாவுக்கரசுக்குச் சிரிப்பு வரவில்லை. பஸ் நின்றுபோனதிலிருந்து வேலுவுக்கு வேலை இல்லை. வேலையில்லாத ஆண்பிள்ளைகளைச் சயாம் ரயில் பாதைக்கு ஏற்றி அனுப்புகிறார்கள். போனவர்களில் திரும்பி வந்தவரை யாரும் கண்டதில்லை. தைச்சோ சொன்னதைச் செய்யாமல் விட்டு, அவர் கோபித்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தால், முதலில் கண்ணில் படுவது வேலுதான். இதை நவமணியிடம் அவர் சொல்லவில்லை. அவளும் அவரிடம் சொல்லவில்லை. ஆனால் அன்று சாயந்திரமே கோழியை முட்டைகளோடு ஒரு கூடைக்கு மாற்றிவிட்டு, தலையணைகளை அவளே பிரித்துப் பஞ்சை எடுத்துக் கொடுத்தாள். முருகன் படத்தின் முன்னால் நின்று, "கொஞ்ச நாளைக்குக் கண்ணாடி இல்லாம இருந்துக்கப்பா" என்று கேட்டுக்கொண்டாள்.

டயருக்காகத் திருநாவுக்கரசும் வேலுவும் சூலியா தெருவில் பழைய இரும்புக் கடை வைத்திருந்த ஹனீபாவிடம் போனார்கள். ஹனீபா கடையின் பின்கட்டில் தேடி, லாரி டயர் இரண்டும் குட்டிக் காடி டயர் இரண்டும் உருட்டிக்கொண்டு வந்தார். பதிலுக்குத் திருநாவுக்கரசின் கல்யாணக் கோட்டு போயிற்று.

"சைஸ் ஒத்து வராதே அண்ணே," என்றார் திருநாவுக்கரசு.

"பெருச பின்னாடி போடுங்க, சிறுச முன்னாடி போடுங்க. காடி தலை குனிஞ்சு நிக்கும். ஜப்பான்காரனுக்கு வணக்கம் போடுற காடி இந்தப் பினாங்குல வேற யாருகிட்ட இருக்கு?"

உள்ளே வைக்கும் ரப்பர்க் குழாய் எங்குமே கிடைக்கவில்லை. வேலு டயருக்குள் தேங்காய் நாரைத் திணித்தான். அன்றிரவு மழை கொட்டியது. காலையில் நார் ஊறி உப்பி, டயர்கள் பிள்ளைத்தாச்சி வயிறு மாதிரி பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு நின்றன.

அடுத்து பெட்ரோல். அது ராணுவத்துக்கே பற்றவில்லை. "எங்க பஸ்ஸு கரியிலதான் மச்சான் ஓடிச்சு," என்றான் வேலு. "பின்னாடி ஒரு கொதிகலன் வச்சு, கரியப் போட்டு மூட்டி, அந்தப் புகைய எஞ்சினுக்குக் குழாய்ல விடணும். ஒரு நல்ல செப்புப் பாத்திரம் இருந்தாப் போதும்."

மூன்று பேரும் ஒரே நேரத்தில் நவமணியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அது என் சீர் அண்டா," என்றாள் அவள். "தஞ்சாவூர்லேருந்து எங்கம்மா கப்பல்ல கொண்டுவந்தது."

அவள் வேலுவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குளியலறைக்குப் போய், வெந்நீர் அண்டாவைத் தானே தூக்கிக்கொண்டு வந்து அவன் காலடியில் வைத்தாள். "ஓட்டை போடும்போது என்னைக் கூப்பிடாத," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அன்றிலிருந்து எல்லோருக்கும் பச்சைத் தண்ணீர்க் குளியல். வீட்டுக் கரியெல்லாம் காடிக்குப் போனதால், கிழங்கு பாதி வெந்ததும் இறக்கிவிடுவாள்.

இதற்கிடையில் தைச்சோ வேலிப் பக்கம் அடிக்கடி வர ஆரம்பித்தார். சக்கரம் ஏறிய காடியைப் பார்த்ததும் அவர் புருவம் சுருங்கியது. "குருமா நாவோசே! ஹயாக்கு!" என்றார்.

"சீக்கிரம் ரிப்பேர் பண்ணணுமாம்," என்று மொழிபெயர்த்தார் திருநாவுக்கரசு, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு.

"அவரு முகத்தப் பார்த்தா சந்தோஷமாத் தெரியலியே அப்பா," என்றாள் சந்திரிகா.

"வேலை மெதுவா நடக்குதுன்னு கோபம்மா."

ஆகவே வேலையை முடுக்கினார்கள். பெயிண்டு கிடைக்காததால் சந்திரிகா விளக்குப் புகைக்கரியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துக் காடி முழுவதும் பூசினாள். காடி யானைக்குட்டி மாதிரி மினுமினுத்தது. ஆனால் அந்தப் பூச்சு காயவே இல்லை. தொட்டவர் கையெல்லாம் கறுப்பு. எறும்பு சாரி சாரியாக ஏறியது. தைச்சோ மறுமுறை வந்து இந்த மினுமினுப்பைப் பார்த்ததும் தலையில் கையை வைத்துக்கொண்டார். "நாவோசே! நாவோசே!" என்று இரண்டு தடவை சொல்லி, கையிரண்டையும் சேர்த்து வீட்டுப் பக்கமாகத் தள்ளிக் காட்டினார்.

"தள்ளி ஸ்டார்ட் பண்ணச் சொல்றாரு," என்றார் திருநாவுக்கரசு.

தள்ளினார்கள். வேலு அண்டாவில் கரியை மூட்டி ஊதினான். காடி இருமியது, தும்மியது, பிறகு இடி மாதிரி ஒரு சத்தத்தோடு உயிர் பெற்றது. சந்திரிகா கைதட்டினாள். ஆனால் கியரைப் போட்டதும் அது கறகறவென்று அரைத்துவிட்டு நின்றுபோனது.

"கியர்ப் பெட்டியில ஏதோ சின்னக் கோளாறு," என்றான் வேலு. "பிரிச்சு மாட்டிடுறேன்."

பிரித்து மாட்டினான். மாட்டி முடித்தபோது தேங்காய்ச் சிரட்டை நிறையச் சாமான் மிச்சம் இருந்தது.

"இதெல்லாம் எங்க போகணும்?" என்று கேட்டார் திருநாவுக்கரசு.

"இது உபரி மச்சான். அமெரிக்காக்காரன் தாராளமாப் போட்டிருக்கான்."

மறுபடி கியரைப் போட்டான். செவர்லே ஒரு கணம் யோசித்துவிட்டு, விருட்டென்று பின்னால் பாய்ந்து, குளியலறையின் தகரச் சுவரைச் சாய்த்துக்கொண்டு போய் நின்றது. வேலு எல்லாக் கியரையும் போட்டுப் பார்த்தான். எதைப் போட்டாலும் பின்னால்தான் போயிற்று.

"ஓடுதுல்ல?" என்றான் அவன், தகரத்துக்கு அடியிலிருந்து தலையை நீட்டி.

குளியலறைக்கு நவமணியின் பழைய சேலை ஒன்று சுவராயிற்று. திருநாவுக்கரசு அன்று முழுக்கக் காடிப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஆனால் சாயந்திரம், வெயில் தணிந்து, கடல்காற்று வரத் தொடங்கியபோது, அவர் மெள்ளப் போய் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் சந்திரிகா பின் இருக்கையில் ஏறிக்கொண்டாள். வேலு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். கடைசியாக நவமணி, அவித்த கிழங்குத் தட்டோடு வந்து, முன்னிருக்கையில், கணவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் அந்தக் காடியில் சண்டைக்கு முன்பு ஏறியதோடு சரி.

"எங்க போலாம்?" என்று கேட்டார் திருநாவுக்கரசு, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு.

"தண்ணீர்மலைக்கு," என்றாள் நவமணி. "தைப்பூசத்துக்குப் போன மாதிரி. வழியில சவ்வரிசிப் பாயசம் விக்கிறவன் நிப்பான், அங்க நிறுத்துங்க."

"சரி."

அவர் ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் திருப்பினார். காடி அசையவில்லை. எல்லோரும் கிழங்கைத் தின்றுகொண்டே வெளியே பார்த்தார்கள். பக்கத்து வீட்டு வேலியும் வாழைமரமும்தான் தெரிந்தன. அது அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

"சரியானதும் தைச்சோ எடுத்துட்டுப் போயிடுவாருல்ல?" என்றாள் நவமணி, மெதுவாக.

"போகட்டும். ஆள் போகலியே."

அவள் அவர் கையில் இன்னொரு துண்டு கிழங்கை வைத்தாள்.

அடுத்த நாள் தைச்சோ ஓட்டமும் நடையுமாக வந்தார். முகம் வியர்த்திருந்தது. இந்த முறை நிறையப் பேசினார். அதில் திருநாவுக்கரசின் காதில் தெளிவாக விழுந்தவை மூன்று. "தைசா" என்றால் கர்னல். "அஷ்தா" என்றால் நாளைக்கு. மூன்றாவது, வழக்கம்போல, "நாவோசே."

தைச்சோ போனதும் அவர் குடும்பத்தைக் கூட்டினார். "நாளைக்குச் சிங்கப்பூர்லேருந்து பெரிய கர்னல் வர்றாரு. காடி அதுக்குள்ள தயாரா இருக்கணும். இப்பத்தான் புரியுது. கர்னலுக்கு நம்ம காடியக் கொடுக்கத்தான் தைச்சோ இத்தனை நாளா அவசரப்படுத்தியிருக்காரு."

"ரிவர்ஸ்லதான போகும்?" என்றாள் நவமணி.

"போகுதுல்ல?" என்றான் வேலு.

மறுநாள் காலை, பத்து மணி வெயிலில், டத்தோ கிராமாட் சாலையில் ஒரு செவர்லே பின்பக்கமாகப் புறப்பட்டது. அண்டா முன்னே வந்தது. அதிலிருந்து கறுப்புப் புகை சுருள் சுருளாக வந்து பின்னால் வந்த குடும்பத்தின் முகத்தில் அடித்தது. வேலு ஓட்டினான். திருநாவுக்கரசு பின் இருக்கையில் திரும்பி மண்டியிட்டு உட்கார்ந்து, அண்டாவுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "இடது! இன்னும் இடது! மாட்டுவண்டி!" என்று வழி சொன்னார். பிரேக் இல்லாததால் நவமணியும் சந்திரிகாவும் ஆளுக்கொரு கட்டையை வைத்துக்கொண்டு, நிறுத்தச் சொன்னால் சக்கரத்தின் கீழே போடத் தயாராக, இரண்டு பக்கமும் ஓடிவந்தார்கள். சந்தைக்குப் போனவர்கள் கூடையை இறக்கிவைத்துவிட்டு நின்று பார்த்தார்கள்.

பங்களா வாசலில் காவல்காரன் நின்றான். வணங்காமல் போனால் அறை விழும். காடி பின்பக்கமாகப் போனதால், எந்தப் பக்கம் திரும்பி வணங்குவது என்று திருநாவுக்கரசுக்கு ஒரு கணம் குழப்பமாக இருந்தது. இரண்டு பக்கமும் வணங்கினார். காவல்காரன் வாயைத் திறந்தபடி நின்றுவிட்டான்.

வாசல்படியில் தைச்சோ. அவருக்குப் பின்னால், கால்வரை பூட்சும் வெள்ளைக் கையுறையும் போட்ட ஒரு தடித்த மனிதர், கர்னல்தான். பக்கத்தில் மெல்லிய மீசையோடு துபாஷி யூசுப். சிங்கப்பூரிலிருந்து கர்னலோடு அப்போதுதான் வந்திறங்கியிருந்தார். சூலியா தெருவில் துணி வியாபாரம் செய்த குடும்பம். சண்டைக்கு முன்னால் ஜப்பானிலேயே பல வருஷம் கடை வைத்திருந்தவர்.

செவர்லேயைக் கண்டதும் தைச்சோவின் முகத்தில் ரத்தம் சுண்டிப்போயிற்று. கர்னலின் முதுகுக்குப் பின்னால் நின்று இரண்டு கைகளையும் வீசி வீசி ஆட்டினார்.

"இன்னும் கிட்ட வரச் சொல்றாரு," என்றார் திருநாவுக்கரசு. "வேலு, விடு!"

காடி படியருகே போய், நவமணியும் சந்திரிகாவும் போட்ட கட்டையில் ஏறி இடித்து நின்றது. நின்ற வேகத்தில் அண்டா ஒரு பெரிய ஏப்பம் விட்டது. வேலுவும் திருநாவுக்கரசும் இறங்கி ஓரமாக நின்றார்கள். புகை கலைந்தபோது கர்னல் இறங்கி வந்து காடியைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். தலை குனிந்து நின்ற முன்பக்கத்தைப் பார்த்தார். நாரில் உப்பிய டயரைப் பூட்சால் தட்டினார். பிறகு வெள்ளைக் கையுறையால் காடியின் கூரையை வாஞ்சையாகத் தடவினார்.

கையை எடுத்துப் பார்த்தார். கையுறை கரிக்கட்டையாக இருந்தது.

நவமணி வேலுவின் முன்னால் ஒரு எட்டு நகர்ந்து நின்றுகொண்டாள்.

கர்னல் கையுறையை உற்றுப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். தேங்காய் எண்ணெய் வாசனை. அவர் வயிறு முதலில் குலுங்கியது, பிறகு தோள், பிறகு வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே காடிக்குள் ஏறி, நவமணியின் தலையணைப் பஞ்சின்மேல் சாய்ந்து உட்கார்ந்து ஏதோ சொன்னார். ஆறேழு சிப்பாய்கள் ஓடிவந்து காடியைத் தள்ளினார்கள். திருநாவுக்கரசின் கையில் ஒரு சிகரெட்டுப் பெட்டி திணிக்கப்பட்டது. செவர்லே, செப்பு அண்டாவோடும் முருகன் கண்ணாடியோடும், துறைமுகம் போகும் சாலையில் தள்ளுபட்டுக்கொண்டே போய்த் திருப்பத்தில் மறைந்தது.

"அண்டா," என்றாள் நவமணி, யாரையும் பார்க்காமல்.

திருநாவுக்கரசுக்கு நெஞ்சில் ஏதோ கழன்ற மாதிரி இருந்தது. ஆனாலும் பக்கத்தில் வேலு முழுசாக நின்றான். அவர் பதக்கத்தைச் சரிசெய்துகொண்டு தைச்சோவைப் பார்த்தார். ஒரு பாராட்டு வரும் என்று எதிர்பார்த்தார். தைச்சோ படியில் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, போன காடியின் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு யூசுப்பிடம் தாழ்ந்த குரலில் என்னவோ சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார்.

"என்ன சொன்னாரு?" என்று ஆவலாகக் கேட்டார் திருநாவுக்கரசு. "ரிப்பேரு நல்லா வந்திருக்குன்னா?"

யூசுப் மீசையைத் தடவிக்கொண்டார். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பவர் மாதிரி இருந்தது.

"அண்ணே, அவரு ஓசாகாக்காரரு லா. அவங்க ஊருப் பேச்சுல நாவோசேன்னா ரிப்பேர் பண்ணுன்னு அர்த்தமில்ல, 'எவன் கண்ணுலயும் படாம உள்ள எடுத்து வை'ன்னு அர்த்தம்."